ரூபிகிட்ட தமிழ் பேசக் கூடாது

…பின்ன என்னக்கா? நேத்துப் படிச்சு முடிச்சிட்டு வந்த பொண்ணு, எனக்குப் புள்ள வளக்கச் சொல்லிக் குடுக்குது! பேச்சுப் பயிற்சி குடுக்குறவளாம்! செத்த தள்ளி ஒக்காருங்கக்கா, ஃபேன் காத்தே வரல. எம்மவ ரூபி உள்ளதான் இருக்கா. அஞ்சு வயசு. ரெண்டு வார்த்தைக்கு மேல சேத்துப் பேச வராது. "மில்க் தா", "அப்பா வா"… அம்புட்டுத்தான். இப்ப அதுவும் நின்னுபோச்சு.

தமிழையும் இங்கிலீசையும் கலக்குறதாலதான் புள்ள கொழம்புதுன்னு எங்க தெருவே சொல்லுச்சு. இவ என்னடான்னா, கலக்குறது கொறையே இல்லங்குறா! "ஒங்க பெரியவனுந்தான் கலக்குறான், அவன் நல்லாத்தானே பேசுறான்"னு என்னையவே மடக்குறா. அவன் கிளெமென்ட்டு, "மம்மி, லேஸ் அவுந்துருச்சு, டை பண்ணி விடுங்க"ம்பான், வாயாடிப்பய. ரூபிக்கு ரெண்டு பாஷையிலயுமே பேச்சு வர்றது செரமமாம், அது தனிக் கொறையாம். பெரிய கண்டுபிடிப்பு!

நா சும்மாவா இருந்தேன்? தெரு சொன்ன அன்னைக்கே வீட்ல ரூபிகிட்டத் தமிழ நிறுத்திட்டேன்ல. சாயங்கால ஜெபமாலகூட இங்கிலீசுதான். நானும் தப்புந்தவறுமாத்தான் சொல்றேன்… ஏன், மாதாவுக்குப் புரியாதாக்கும்? எங்க வீட்டுக்காரரு ராயப்பராஜ், ஆத்தூர்ல பூந்தோட்டம் வச்சிருக்க மனுசன், "எனக்கு இங்கிலீசு வராதே பாத்திமா"ன்னாரு. "வரலேன்னா புள்ளகிட்டப் பேசாதீங்க"ன்னுட்டேன். எட்டு மாசமாப் பேசலக்கா! ரூபி ஓடியாந்து மடியில ஏறுவா. இவரு தலையத் தடவிட்டு என் மூஞ்சியப் பாப்பாரு. அவ செத்த நேரம் இவரு வாயவே பாத்துட்டு எறங்கிப் போயிருவா. அம்புட்டுக் கட்டுப்பாடு! ஊருல எவ செய்வா?

அதக் கேட்டுட்டு இந்தப் பொண்ணு, "நீங்க வெளிய இருங்கம்மா, அப்பா மட்டும் வரட்டும், இஷ்டம்போலப் பேசட்டும்"னுட்டா. பெத்தவள வெளிய தள்ளிட்டு அப்பிடி என்னத்தக் கிழிக்கப் போறாளோ!

ஏக்கா, எந்திரிக்காதீங்க… இருங்க. உள்ள சிரிப்புச் சத்தம் கேக்குதுல்ல? யாரது… "அப்பா, ரெட் கார் ஓடுது." அது ரூபியாக்கா? எம்புள்ளையா? அடி ஆத்தீ… நாலு வார்த்தக்கா, நாலு! அந்த மனுசனும் பேசுறாரே… அய்யோ, நானே என் கையால என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்!

இல்லக்கா, உள்ள போகல. என்னையப் பாத்தா அவரு பேச்ச நிறுத்திருவாரு.