பூவளையத்தில் குடியிருந்த பேன்

நூறாண்டு கண்ட நம் வாசகசாலையின் விழாவுக்குத் தலைமையேற்று, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேசைமேல் அதைத் தேடிக்கொண்டிருக்கும் என் உயிர்த்தோழி, தலைவர் ஸ்தெஃப்கா அவர்களே, சுருக்கமாகப் பேசும்படி காலையிலேயே என்னை எச்சரித்துவிட்ட நகர்மன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசைக்காகக் கதவு திறக்கும் முன்பே வந்து குளிரில் நின்ற பெரியோர்களே, அடுப்பில் பாலாடைக்கட்டி அடைத்த பனித்சாவை வேகவைத்துவிட்டு அரை மனத்தோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் சூரியகாந்தி விதை கொறித்துத் தோலைத் தரையில் துப்பும் இளைஞர்களே, கூட்டிப் பெருக்கப் போவதும் நீங்கள்தான் என்பதை நினைவில் வையுங்கள், பூவளையம் சூடிப் பாடக் காத்திருக்கும் என் லாசர் சிறுமிகளே, உங்கள் அனைவருக்கும் இந்த ராலித்சாவின் பணிவான வணக்கம்.

பண்பாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பல்கேரியாவில் பண்பாட்டைப் பற்றிப் பேசாத மேடை எது? பேசாத பேச்சாளர் எவர்? பண்பாடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஒருவர் பாட்டில் என்பார், ஒருவர் பட்டாடையில் என்பார், ஒருவர் பழைய நூலில் என்பார். நான் சொல்கிறேன், பண்பாடு தலையில் இருக்கிறது. தலைக்கு உள்ளே அல்ல, தலைக்கு மேலே, முடிக்கு நடுவே, காதுக்குப் பின்னே, பிடரிக்கு அருகே. அன்புடையீர், இன்று நான் பேனைப் பற்றிப் பேசப் போகிறேன்.

சிரியுங்கள், சிரியுங்கள். இதோ, இரண்டாம் வரிசையில் ஒருவர் தலையைச் சொறிந்துகொள்கிறார். வெட்கப்பட வேண்டாம் ஐயா, பேரைச் சொன்னாலே அரிக்கும், அது அப்படித்தான்.

எனக்கு அப்போது பத்து வயது. இந்த வாசகசாலைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில்தான் எங்கள் வீடு. அம்மா டோன்கா ஊறுகாய் ஆலையில் வேலை பார்த்தாள். இடுப்புக்குக் கீழே இறங்கும் செம்பட்டைச் சடை அவளுக்கு. ஆலையில் அதைத் தொப்பிக்குள் திணித்து, மாலையில் படியேறும்போதே அவிழ்த்துவிடுவாள். அந்தச் சடையின் வாசனையும் ஆலையின் காடி வாசனையும் எனக்கு ஒன்றுதான். இன்றும் எங்காவது காடிப் புட்டியைத் திறந்தால் அம்மா வந்துவிட்டாள் என்று மனம் வாசலைப் பார்க்கிறது. அவள் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் பார்க்கிறது.

சனிக்கிழமை பகல்களை நினைத்துப் பாருங்கள், என் வயதுக்காரர்களே. சன்னலோரம் ஒரு நாற்காலி. அம்மா மடியில் வெள்ளைத் துண்டு. துண்டின்மேல் நம் தலை. வெதுவெதுப்பாகக் காடியும் தண்ணீரும் கலந்து ஊற்றி, ஈர் இளகும் வரை துணி சுற்றி ஊறவைத்து, சூரியகாந்தி எண்ணெய் தடவி, சிடுக்கெடுத்து, வகிடு வகிடாகப் பிரித்து, பேன்சீப்பை முடியின் வேரில் வைத்து நுனி வரை இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் சீப்பைத் துண்டில் தட்டி, ஓடுவதைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்கி... அந்தச் சின்னச் சத்தம் காதில் கேட்கிறதா உங்களுக்கு? எனக்குக் கேட்கிறது. மண்ணெண்ணெய் பூசிய வீடுகளும் இருந்தன. தாய்மார்களே, அதை இன்று யாரும் தொடாதீர்கள். உச்சந்தலை வெந்து அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

"அம்மா, வலிக்குது."

"வலிக்கட்டும்டி. அதுக்கும் வலிக்கணும்ல."

"அது பாவம், சின்னதும்மா."

"சின்னதுதான். குடும்பம் பெருசு. ஆடாம உக்காரு."

சீவி முடித்ததும் என் முகத்தைத் தன் பக்கம் திருப்புவாள். "இதப் பத்தி வெளிய மூச்சு விடாத. என்ன வாசனைன்னு யாராச்சும் கேட்டா, ஊறுகா போட்டோம்னு சொல்லு."

ஊறுகாய் எப்போது போடுவோம்? இலையுதிர் காலத்தில். மிளகாயும் முட்டைக்கோசும் மலிந்து கிடக்கும்போது. அது ஏப்ரல் மாதம். ஏப்ரலில் எந்த மகராசி ஊறுகாய் போடுவாள்? ஆனால் அந்த வசந்தத்தில் எங்கள் படிக்கட்டில் முதல் மாடியும் ஊறுகாய் போட்டது, மேல் மாடியும் ஊறுகாய் போட்டது. படியில் சந்தித்துக்கொள்ளும் பெண்கள், "என்ன பெனா, ஊறுகாயா?" "ஆமாக்கா, கொஞ்சூண்டு. உங்க வீட்லயும் வாசம் தூக்குதே?" "நாங்களும் கொஞ்சூண்டு" என்று கண்ணைப் பார்க்காமல் கடந்து போவார்கள். எல்லார் வீட்டிலும் பேன். யார் வாயிலும் பேன் இல்லை.

சரி, சீவினார்களே, போயிற்றா? போகவில்லை. ஏன் போகவில்லை? கைப்பழக்கம் போதவில்லையா, காடி போதவில்லையா, கவலை போதவில்லையா? எல்லாம் இருந்தது. இருக்கக்கூடாத ஒன்றும் இருந்தது. அது இந்த அரங்கில், இதே மேடைக்குப் பின்னால் இருந்தது. ஆட்டபாட்ட உடைகளைப் போட்டுவைக்கும் வாசகசாலையின் பச்சைப் பெட்டி.

ஈஸ்டருக்கு முந்திய வாரம் லாசர் சனிக்கிழமை. பூவளையம் சூடி வீடுவீடாகப் போய்ப் பாடி முட்டை வாங்காத பெண்ணைப் பறக்கும் நாகம் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்று நம் ஊரில் சொல்வார்கள். நாங்கள் நாகத்தை நம்பவில்லை, பள்ளியில் நம்பக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் எதற்கு வம்பு என்று எல்லாரும் பெயர் கொடுத்துவிட்டோம். வளையங்களோ கொஞ்சம், சிறுமிகளோ நிறையப் பேர். காகிதப் பூவும் சேவல் இறகும் வைத்துத் தைத்த வளையங்கள், கீழே கட்டும் தலைத்துணிகள், எல்லாம் பொது. சின்னவர்கள் ஆடி முடித்துக் கழற்றுவார்கள். அந்தச் சூடு ஆறும் முன்னே பெரியவர்கள் எடுத்துச் சூடுவார்கள். மறுநாள் மாலை மறுபடியும் அதே கூத்து. வீட்டில் தாய் ஒழித்ததை வாசகசாலை திருப்பிக் கொடுத்தது. ஒரு தாய் இன்னொரு தாயிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். பேசவில்லை. பேன் எதைத் தின்று வளர்ந்தது? எங்கள் இரத்தத்தையா? இல்லை ஐயா, எங்கள் வெட்கத்தைத் தின்று வளர்ந்தது.

ஒருநாள் ஒத்திகையில் ஒரு வளையத்தின் காகித ரோஜாமேல் ஒரு பேன் ஊர்வலம் போனது. ஒத்திகை நடத்திய தோழர் வெலிச்கோவா பார்த்துவிட்டார். கெட்டவர் அல்ல, பதறிப்போனார். பதறியவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"நம்ம ஊருக்குப் புதுசா வந்தவங்க யாரு?"

புதிதாக வந்தவள் ஒருத்திதான். இரயில்வேக்காரரின் மகள். குளிர்காலத்தில்தான் எங்கள் மாடிக்குக் குடிவந்தார்கள். "நீ நாளைலருந்து வர வேணாம்மா" என்றார். அவ்வளவுதான். அன்று மாலையே அவளுடைய அம்மா, அழுதுகொண்டே, கத்திரியை எடுத்து மகளின் தலையை ஒட்டக் கத்தரித்துவிட்டாள். மறுநாள் அந்தச் சிறுமி அப்பாவின் இரயில்வே தொப்பியைக் காது மூடப் போட்டுக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ஒத்திகைக்குப் போகும்போது பார்த்தாள். வரும்போதும் பார்த்தாள்.

அந்தச் சிறுமியின் பெயர் ஸ்தெஃப்கா. ஆமாம், இந்த ஸ்தெஃப்காதான். தலைவர் அவர்களே, கண்ணாடி உங்கள் நெற்றியில் இருக்கிறது, இறக்கித் துடைத்துக்கொள்ளுங்கள்.

அவளை விரட்டியாயிற்று. அரிப்பு நின்றதா? முன்னைவிட அதிகமானது. கடைசி ஒத்திகைக்கு உடையைச் சரிபார்க்க அம்மாமார்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நான் பாட்டின் நடுவே இரண்டு கையாலும் சொறிந்துகொண்டேன். வெலிச்கோவா நிறுத்தினார்.

"டோன்கா, உன் பொண்ணு ஏன் இப்படிச் சொறியுறா?"

என் அம்மா எழுந்தாள். ஆலை உடையிலேயே வந்திருந்தாள்.

"பேன் இருக்கு தோழர். அதான் சொறியுறா. நானும் வாராவாரம் சீவுறேன், போக மாட்டேங்குது. அந்தப் புள்ளைய அனுப்பி எத்தன நாளாச்சு? அப்புறம் எங்க வீட்டுக்கு எங்கருந்து வருது?" பிறகு பெண்கள் பக்கம் திரும்பினாள். "நான் ஊறுகாயெல்லாம் போடலடி."

என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? நான் பெஞ்சுக்கு அடியில் போய்விடலாம் என்று பார்த்தேன். அப்போது மூன்றாம் மாடி பெனா மெல்லச் சொன்னாள், "நானும் போடலக்கா." இன்னொருத்தி, "நான் ஜாடிய எறக்கவே இல்ல." இன்னொருத்தி, "அப்ப இந்த மொத்த படிக்கட்டுலயும் ஒரு வெள்ளரிக்கா கெடையாதா?" அவ்வளவுதான், ஒருத்தி சிரிக்க, ஒருத்தி அழ, அரங்கமே அதிர்ந்தது. வெலிச்கோவாவும் தலைத்துணியை அவிழ்த்தார். அவருக்கும் இருந்தது.

அம்மா பச்சைப் பெட்டியை நடுவே இழுத்து, வெள்ளைத் துண்டை விரித்து, வளையங்களை உதறினாள். உதிர்ந்தவை துண்டின்மேல் ஓடின. பின்முற்றத்தில் அண்டா ஏறியது, தலைத்துணிகள் கொதித்தன, காகிதப் பூக்கள் எரிந்தன. சிறுமிகளுக்குத் தலைக்கொரு புது வளையம், ஆற்றங்கரை வில்லோ மரத்துக் கிளையில். பிறகு, அன்புடையீர், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த இருக்கைகளில், வரிசை வரிசையாகத் தாய்மார்கள், மடிமடியாகப் பிள்ளைகள். ஒருத்தி பிள்ளைக்கு இன்னொருத்தி சீவ, ஒருத்தி பாட, ஒருத்தி காடி ஊற்ற. இந்த அரங்கில் எத்தனையோ நாடகம் பார்த்திருக்கிறேன், எத்தனையோ நடனம் பார்த்திருக்கிறேன். அந்த மாலைக்கு ஈடாக ஒன்றையும் பார்க்கவில்லை. அதைத் திரும்ப ஒருமுறை பார்க்க எதையும் கொடுப்பேன்.

வீடு திரும்பும்போது படியில் அந்தத் தொப்பி இருந்தது. அம்மா அதன் முன்னால் குத்துக்காலிட்டாள்.

"வாடி கண்ணு, நாளைக்குப் பாட வரணும்."

"எனக்கு முடி இல்ல அத்தை. வளையம் நிக்காது. எல்லாரும் சிரிப்பாங்க."

அம்மா உள்ளே போனாள். கத்திரியோடு வந்தாள். கழுத்தோரம் வைத்து, அந்தச் செம்பட்டைச் சடையை வெட்டிக் கையில் பிடித்தாள். நான் கத்திவிட்டேன்.

"கத்தாதடி. தொப்பிக்குள்ள திணிச்சுத் திணிச்சு எனக்குக் கழுத்தே வலிக்குது." நன்றாக அலசி, கொதிநீரில் முக்கி உலர்த்தி, தலைத்துணியின் ஓரத்தில் அந்தச் சடையைத் தைத்தாள். அதன்மேல் வளையத்தையும் தைத்தாள்.

மறுநாள் ஸ்தெஃப்கா எங்களோடு வந்தாள். ஒரு வீட்டுக் கிழவர் முட்டையை அவள் கூடையில் வைத்துவிட்டு உற்றுப் பார்த்தார். "யாரு பொண்ணும்மா நீ? சடை அப்படியே டோன்கா சடையாட்டம் இருக்கே."

"அவங்களோடதுதான் தாத்தா" என்றாள் ஸ்தெஃப்கா, நிமிர்ந்து.

அந்தச் சடை இப்போது எங்கே? வரும்போது கண்ணாடி அலமாரியில் பார்த்திருப்பீர்கள். "பழங்கால மகளிர் தலையணி, காலம் அறியப்படவில்லை" என்று அட்டை வைத்திருக்கிறார்கள். காலம் அறிவோம் தம்பிகளே. என் அம்மா உயிரோடு இருந்த காலம். அந்த அட்டையை இன்றே மாற்றுங்கள்.

பழங்கதை எதற்கு என்கிறீர்களா? நகர்மன்றத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடிக்கிறேன். போன வாரம் என் லாசர் சிறுமிகளில் ஒருத்தி ஒத்திகைக்கு வரவில்லை. மிரேலா. மலைப்பக்கத்திலிருந்து புது ஆலை வேலைக்கு வந்த வீடு. ஏன் வரவில்லை? உங்கள் கைபேசிக் குழுவில் யாரோ எழுதினார்கள், "பேன் எந்த வீட்லருந்து வருதுன்னு எல்லாருக்கும் தெரியும்." எழுத எவ்வளவு நேரம் ஆயிற்று? ஒரு நொடி. அன்றைக்குக் கேட்ட அதே கேள்வி, அதே பதில், அதே படிக்கட்டு. அவள் இதோ கடைசி வரிசையில், அரங்கத்துக்குள்ளேயும் கம்பளித் தொப்பி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நேற்று அவள் வீட்டுக்குப் போய் அவள் தலையை நானே வகிடு வகிடாகப் பார்த்தேன். பேனும் இல்லை, ஈரும் இல்லை. வீட்டுக்கு வந்து என் அம்மாவின் பேன்சீப்பை எடுத்து, வெள்ளைத் துண்டு விரித்து, என் தலையைச் சீவினேன். அன்புடையீர், உங்கள் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தரும்போது தலையோடு தலை சேர்த்துக் குனிகிற என் தலையில் பேன் இருக்கிறது. நான் ஊறுகாய் போடவில்லை.

நகர்மன்றத் தலைவர் நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்துகிறார். பார்த்துவிட்டேன் ஐயா, பரவாயில்லை. தலைவர் ஸ்தெஃப்கா இந்தப் பக்கம் நகர்த்துகிறார். என்ன சொல்கிறார் தெரியுமா? "குனிடி, பாக்கலாம்" என்கிறார்.

அங்கே மூன்றாம் வரிசையில் ஒரு கை உயர்கிறது. உங்கள் வீட்டிலுமா அம்மா? நன்றி. அந்தப் பக்கம் இன்னொரு கை. சன்னலோரம் இரண்டு. உயர்த்துங்கள், உயர்த்துங்கள், அரிக்கிற கைதானே. விழா முடிந்ததும் யாரும் போகவேண்டாம். பக்கத்து அறையில் காடி இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, துவைத்த துண்டுகள் இருக்கின்றன. ஒருவர் தலையை ஒருவர் பார்ப்போம். அடுத்த வாரமும் பார்ப்போம், ஈர் பொரிக்கும், விடக்கூடாது.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், கை உயர்த்திய தாய்மார்களுக்கும், என் அம்மாவின் சடையைச் சுமந்த தலைவருக்கும் என் நன்றி, என் வணக்கம். மிரேலா, தொப்பியைக் கழற்றிவிட்டு மேடைக்கு வா கண்ணு. இது இன்று காலை கட்டிய வளையம், யார் தலையிலும் படாதது, என் தலையில் சத்தியமாகப் படாதது. நீ வந்தால்தான் பாட்டுத் தொடங்கும்.