எந்த மொழியில் விழிப்பது

என் குறிப்பில் ‘வியாழன் மாலை, மழை, மெட்டுகுடாவில் மெட்ரோ ஏறினேன்’ என்று இருக்கிறது. எதிரே அக்காவும் தங்கையும். அக்கா நர்ஸ், மருத்துவமனை அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. ஜன்னலில் வழியும் நீரைப் பார்த்தபடி அவர் சொன்னார்:

“மயக்கம் தெளியுறப்ப மனுஷங்க எந்த மொழில முழிக்கிறாங்க? அதுதான் என் பிஎச்டி.”

“நல்ல வேலைக்கா. கைடு என்ன சொன்னாங்க?”

“இது நர்ஸிங்கே இல்லையாம். நாளைக்கு வேற தலைப்போட வரணுமாம்.”

“அப்ப மாத்திடேன்.”

“போன மாசம் ஒரு அம்மா. ஆபரேஷன் முடிஞ்சு தெலுங்குல கூப்பிட்டோம், அசையல. இன்னும் தெளியலன்னு எழுதிட்டோம். நான் சும்மா தமிழ்ல ‘அம்மா, எந்திரிங்க’ன்னேன். ‘என்னடி’ன்னு கண்ணத் திறந்தாங்க. தாய்மொழில கூப்பிடணும், அவ்வளவுதான்.”

தங்கை சிரித்தார்.

“உனக்கு அப்பெண்டிக்ஸ் எடுத்தப்ப நானும் தமிழ்லதான் கத்தினேன். நீ அசையவே இல்ல. ஆயா வந்து ஃபேன் போடவான்னு ஹிந்தில கேட்டாங்க. கண்ண மூடிக்கிட்டே இந்த ஊரு ஹிந்தில ‘நக்கோ’, வேணாம்னே.”

“நானா?”

“ஹவ்! ஆமா, நீயேதான்.”

அக்கா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே தெருவிளக்குகள் மழையில் கரைந்து மிதந்தன.

“அப்ப தாய்மொழின்னு நான் முடிவு கட்டினதுதான் தப்பு,” என்றார், தூக்கத்தில் பேசுபவர் போல. “யாரு எதுல முழிப்பாங்கன்னு நமக்குத் தெரியவே தெரியாது. தெரியாமதான் தெளியலன்னு எழுதிடறோம், அப்ப இது நர்ஸிங்தானே. தலைப்ப மாத்த மாட்டேன்டி.”

அடுத்த நிலையத்தில் இறங்கினார்கள். கைடு அந்தத் தலைப்பை ஏற்றுக்கொண்டாரா என்பது எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை.