ஒத்துக்காத ஊசி

லினக்ஸ் கணினியை முறையாக அணைக்க அரை நிமிடம் போதும், ஐயா. அவசரப்பட்டு வயரைப் பிடுங்கக் கூடாது என்று அங்கே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். பாப்பிரெட்டிப்பட்டியில் அந்தச் சின்ன மருத்துவமனையில் நோயாளிகளின் விவரங்களை ஏற்றுவது ஏழு வருடமாக என் வேலை.

ஆடி மாதம் பெரியண்ணன் என்ற விவசாயி முதுகுவலியோடு வந்தார். வலி ஊசி ஒத்துக்காது என்று என்னிடம் சொன்னார். போனில் பேசிக்கொண்டே தட்டியதில் அதை ஏற்றாமல் விட்டுவிட்டேன். ஊசி போட்ட பத்தாவது நிமிடம் மூச்சடைத்து இறந்துபோனார்.

"கம்ப்யூட்டர் தம்பிகிட்ட சொன்னமேங்க," என்று அவர் மனைவி கோவிந்தம்மாள் அழுதார்.

"மதியத்துக்குள்ள அந்தப் பதிவ எடுத்து வைங்க, அறிவழகன். பாத்துரலாம்," என்றார் டாக்டர் சந்திரமோகன்.

பதிவைத் திறந்தால் என் தவறு தெரிந்துவிடும். பதிவை மாற்றினாலோ அழித்தாலோ யார், எப்போது என்று கணினி காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கணினி டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்கினேன். போட்டேன். மறுபடி பிடுங்கினேன். ஆறாவது முறை, கோப்பு அமைப்பு கெட்டுவிட்டதென்று கறுப்புத் திரையில் எழுத்துகள் வந்தன. பழுது பார்க்கும் கட்டளை கொடுத்ததும் மிஞ்சிய பதிவுத் துண்டுகள் பெயரில்லாமல், வெறும் எண்களாகக் குவிந்தன. நகல் எடுத்து வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. பெரியண்ணனோடு நாலாயிரம் பேர் போனார்கள்.

"கரண்ட் போய்ப் போய் வந்துச்சுங்க, டிஸ்க் கெட்டுப்போச்சு," என்றேன். இத்தனை பேரில் யார் என்ன சொன்னார்கள் என்று ஞாபகமில்லை என்றும் சொன்னேன். நம்பிவிட்டார்.

நாலாம் நாள் சித்தேரி மலையிலிருந்து செல்லி என்ற பெண்ணைத் தூக்கி வந்தார்கள். கால் முறிந்து, வலியில் பேச்சில்லை. நர்ஸ் வெண்மதி ஊசியோடு என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணா, இவங்களுக்கு எதாச்சும் ஒத்துக்காதுன்னு போட்டிருந்தமா?"

போட்டிருந்தோம். வலி ஊசி ஒத்துக்காது என்று சிவப்பு எழுத்தில், நானே. ஆனால் சித்திரையில் வந்த செல்லி ஞாபகமிருந்தால், நாலு நாள் முந்தி வந்த பெரியண்ணனை எப்படி மறந்தாய் என்று கேட்பார்களே.

"தெரியலம்மா," என்றேன்.

படுக்கை பன்னிரண்டு அடி தூரம். கூப்பிட நேரம் இருந்தது. செல்லிக்கு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டபோது விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது நிற்கும்வரை துடைத்தேன்.

வெண்மதியை விட்டுவிடுங்கள். அவள் கேட்டாள்; தெரிந்தும் நான் சொல்லவில்லை. ஆனால் கொலை என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. அந்த ஊசியை நான் தொடக்கூட இல்லை.