கற்பூரம் இல்லாத ஆரத்தி

கள்ளக்குறிச்சியிலிருந்து நைனார்பாளையம் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் சந்தைப் பையோடு இரண்டு பெண்கள். ஜன்னலோரத்துப் பெண் திடீரென்று சொன்னாள்:

“வரி போட்ட கட்சிக்காரரு ஓட்டு கேட்டு வந்தாருக்கா. கற்பூரம் ஏத்தாம, வெறும் ஆரத்தித் தண்ணியத்தான் சுத்துனேன்.”

“அய்யய்யோ! எம்.பி.க்கு நிக்கிறவரு, இன்னா நெனச்சிருப்பாரு?”

“நெத்தியக் காட்டிக்கினு நின்னவரு, ‘இன்னாம்மா, கற்பூரத்தக் காணோம்?’ன்னாரு. ‘அதுக்கும் வரி போட்டுட்டீங்க, கட்டுப்படி ஆவலீங்க’ன்னேன். கூட வந்தவங்க அவர அப்பிடியே தள்ளிக்கினு பூட்டாங்க.”

சில்லறை கொடுக்க வந்த கண்டக்டர் கொடுக்காமலே நின்றார்.

“அப்ப எதிர்க்கட்சிக்குத்தான் ஒன் ஓட்டா?” என்றாள் பக்கத்துப் பெண்.

“அவரும் நேத்து வந்தாரு. ஜெயிச்சா மொத வேலையா வரியக் கொறைக்கிறேன்னாரு.”

“அவருக்காச்சும் ஏத்துனியா?”

“தட்டுல வெத்தலை போட்டு, அது மேல ஜாஸ்தியாவே கற்பூரம் வச்சி எடுத்துக்கினு போனேன். தீப்பெட்டியும் கையில வச்சிருந்தேன்.”

“அப்பறம்?”

“‘கொறைச்சிட்டு வாங்க, கொளுத்துறேன்’னு சொல்லிட்டேன்க்கா.”