இன்னும் ஒன்றரை அங்குலம்

மும்பை மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து பேச எங்கள் கூடைப்பந்து மைதானத்துச் சிமெண்ட் படியைப் போல ஓர் இடம் கிடையாது. ஒன்பதரை வரை வெயில் வராது, காபி கூப்பிடு தூரம், கழிப்பறை சுமார்.

கான்ஸ்டபிள் காளிராஜ், இதை நீங்கள்தான் மராத்தியில் பெயர்த்து இன்ஸ்பெக்டரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்றார்கள். அதனால் வளைக்காமல் எழுதுகிறேன். என் பெயர் வெங்கடேஸ்வரன், வயது ஐம்பத்தேழு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மருத்துவ கிளெய்ம் பிரிவில் முப்பது வருஷம் இருந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவன்.

அந்தப் படியில் நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் சேர்த்துப் பழுதில்லாத முழங்கால் மூன்று. யாரும் பந்தைத் தொட்டு இருபது வருஷமாகிறது. ஆனால் எந்தப் பிள்ளை எந்தக் காலேஜுக்குப் போகும், எந்தக் கோச்சுக்கு மூளை கிடையாது, அமெரிக்காவில் எந்த யூனிவர்சிட்டிக்கு இந்த வருஷம் உயரமான ஆள் குறைகிறது என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. திலக் நகரிலிருந்து வரும் ஆதித்யன் பேங்க்காரர். ஒஹையோவில் ஒரு பிளஸ் டூ பையன் எந்தக் காலேஜுக்குக் கையெழுத்துப் போட்டான் என்பதை அவனைப் பெற்றவளுக்கு முன்னால் தெரிந்துகொள்வார். தாராவியில் மொபைல் கடை வைத்திருக்கும் மாரீஸ்வரன் அவரை விடமாட்டார். "கல்யாண் தாண்டி ரயில்ல போனதில்ல, ஒஹையோவுக்கு ஆள் எடுக்காராம்வே" என்பார்.

ஜெபசெல்வி எங்கள் முன்னால் வந்து நின்றபோது அவளுக்கு வயது பதினான்கு, உயரம் ஐந்தடி பதினொன்று. தாராவியில் தகரப் பட்டறை வைத்திருக்கும் ஞானராஜின் மகள். ஸ்கூலில் டவர் என்று கூப்பிடுகிறார்களாம், பெஞ்சுக்கு அடியில் கால் நுழையவில்லையாம், இந்த வளர்த்தி எப்போது நிற்கும் என்று அவள் அம்மா தினமும் அழுகிறாளாம். ஞானராஜ் இதை மாரீஸ்வரனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய், "இது குறையில்லை ஞானராஜ், இது அட்மிஷன்" என்றேன். அந்தப் பெண் கூன் போட்டிருந்த முதுகை நிமிர்த்தினாள். அதைச் செய்தவன் நான். மராத்தியில் இந்த வரி விட்டுப்போகக் கூடாது.

மாதத்தின் முதல் ஞாயிறு அவளைக் கம்பத்தோரம் நிறுத்தி உயரம் பார்ப்போம். டேப் என்னுடையது. எண்ணை வாட்ஸாப் குழுவில் போடுவதும் நான்தான். மாஹிமிலிருந்தும் கல்யாணிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள்கூட, "வெங்கட் சார், இந்த மாசம் எவ்வளவு?" என்று கேட்பார்கள். ஆபீஸில் என்னிடம் ஒரு எண்ணை யாரும் ஆசையாகக் கேட்டதில்லை. எவ்வளவு கிடைக்காது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்பார்கள்.

பதினாறு முடியும்போது ஆறடி நான்கு. அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர்க் காலேஜின் உதவிக் கோச்சுக்கு வீடியோ அனுப்பினேன். குடும்பத்தில் யாருக்கும் அந்த அளவு இங்கிலீஷ் கிடையாது என்பதால் கடிதப் போக்குவரத்து முழுக்க என் பெயரில். அந்தக் கோச்சம்மாள் நேர்மையானவர். ஆறடி ஐந்து எங்களிடம் இருக்கிறது, ஆறடி ஏழு இல்லை, ஏழு என்றால் நான்கு வருஷமும் இலவசம், நவம்பர் மாத மும்பை கேம்புக்கு நானே வருகிறேன் என்று எழுதியிருந்தார். அன்று படியில் நடந்த விவாதத்தைப் பாராளுமன்றத்தில் நடத்தியிருந்தால் நாட்டுக்கு நல்லது. அந்த ஊரில் பனி அதிகம், இட்லி மாவு புளிக்காது என்பதுவரை பேசினோம்.

அந்தச் சமயத்தில்தான் அவள் ஆட்டத்தில் ஒரு குறை தென்பட்டது.

"பக்கத்துலேருந்து பந்து வந்தா கையே நீட்ட மாட்டேங்காளே, என்னவே இது?" என்றார் மாரீஸ்வரன்.

"பெரிஃபெரல் விஷன் வீக். ட்ரில் போட்டா சரியாயிடும். அமெரிக்காவுல பாஸெல்லாம் துல்லியமா வரும், அங்க பிரச்சினையே இல்ல" என்றார் ஆதித்யன்.

"அமெரிக்காக்காரன் பந்து மூஞ்சிக்கு நேரா வந்து குட்மார்னிங் சொல்லிட்டுத்தான் கைக்கு வருமாக்கும்?"

படியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஒரே வருஷத்தில் அவளுக்கு ஷூ மூன்று சைஸ் ஏறியபோது கைதட்டினோம். தாடை முன்னால் வந்தபோது அத்லெட் களை வந்துவிட்டது என்றோம். தலைவலி என்றபோது தண்ணீர் போதவில்லை என்றார் ஆதித்யன். அதுவரை நாங்கள் ஐந்து பேரும் வெறும் முட்டாள்கள்தான். அதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.

பிப்ரவரியில் ஞானராஜ் குடும்பம் போகும் சர்ச்சில் இலவசக் கண் முகாம் நடந்தது. ஜெபசெல்வியைப் பார்த்த டாக்டர் தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். ஞானராஜ் சீட்டோடு என்னிடம் வந்தார். பழைய பழக்கத்தில் சலுகை விலைக்கு ஏற்பாடு செய்து, தொடர்புக்கு என் போன் நம்பரைக் கொடுத்தேன். அதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. மார்ச் பதினேழாம் தேதி ரிப்போர்ட்டை நானே போய் வாங்கி, ஸ்கேன் சென்டர் வாசலிலேயே நின்று படித்தேன்.

மூளைக்கு அடியில், உடம்பு வளர்வதற்கு உத்தரவு போடுகிற பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. கண் நரம்புகளை நெருக்குகிறது. உடனே அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்கவும். இரண்டு பக்கம், தெளிவான இங்கிலீஷ். இதே மாதிரி நான்கு கேஸ் என் மேஜைக்கு வந்ததுண்டு. இரண்டு பேர் தாமதித்துப் பார்வை போனவர்கள். தாமதம் அவர்கள் தவறு என்று எழுதி, பார்வை இழப்புக்குக் கேட்ட தொகையை நிராகரித்தவன் நான். ஆகவே விஷயம் புரியவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கட்டியை எடுத்தால் வளர்த்தி நின்றுவிடும். அன்றைக்கு அவள் ஆறடி ஐந்தரை.

ஞானராஜிடம் சொன்னேன்: "சின்ன வீக்கம். வேகமா வளர்ற பிள்ளைகளுக்கு வர்றதுதான். டிசம்பர்ல இன்னொரு தடவை பார்த்தாப் போதும்." அவர் தலைக்கு மேல் கை கூப்பி, "நீங்க இருக்கீங்க சார், எனக்கென்ன" என்றார். ரிப்போர்ட்டை என் அலமாரியில் வைத்தேன். ஒரு வாரம் கழித்து சென்டரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பேஷண்ட்டை டாக்டரிடம் காட்டினீர்களா என்று இந்தியில் கேட்டாள். காட்டியாகிவிட்டது, மருந்து நடக்கிறது என்றேன். பொறுப்பான பெண். அவள்மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம்.

எட்டே மாதம்தான் என்று கணக்குப் போட்டேன். ஸ்காலர்ஷிப் கையில் வந்துவிட்டால் அமெரிக்காவிலேயே ஆபரேஷன் செய்துகொள்ளலாம், தாராவிப் பெண்ணுக்கு இங்கே கிடைப்பதைவிட அங்கே நல்ல டாக்டர் கிடைப்பார் என்பது என் வாதம். இப்போதும் அது மோசமான வாதம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜூலையில் ஒருநாள் அவள் தனியாக என்னிடம் வந்தாள்.

"சார், ரெண்டு பக்கமும் யாரோ கதவ சாத்திட்டு வார மாதிரி இருக்கு. நேரா பாத்தாத்தான் தெரியுது."

"தலையைத் திருப்பித் திருப்பிப் பாரும்மா. பெரிய பிளேயர் எல்லாரும் அப்படித்தான்."

"அப்பாட்ட சொல்லட்டுமா?"

"ரிப்போர்ட்டை நான் பார்த்தாச்சு. அப்பாவை ஏன் பயமுறுத்தறே?"

அவள் தலையைத் திருப்பிப் பழகினாள். சொன்னதைச் செய்கிற பெண். அடுத்த ஞாயிறு ஆதித்யன் படியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். கோர்ட் முழுக்க அளந்து பார்க்கிறாள், இந்தப் பக்குவம் இந்தியாவில் யாரிடமும் கிடையாது என்றார். மாரீஸ்வரன்கூட, "இந்தா, பேங்க்கு சொன்னது ஒண்ணு பலிச்சிட்டுவே" என்று ஒப்புக்கொண்டார். நான் காபியைக் குடித்தேன்.

நவம்பர் கேம்பில் அவள் ஆறடி ஏழு. கோச்சம்மாள் தானே அளந்து பார்த்துவிட்டு என் கையைக் குலுக்கினார். மூன்றாம் நாள், ஆட்டத்தின் நடுவில், ஜெபசெல்வி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். விளக்கை ஏன் அணைத்தீர்கள் என்று கேட்டாள். காலை பதினொரு மணி, திறந்த மைதானம். கட்டிக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அன்றே ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. பார்வை இல்லை, வராது.

பழைய ஸ்கேன் இருக்கிறதா என்று டாக்டர்கள் கேட்டதற்கு, சாரிடம் இருக்கிறது என்றிருக்கிறார் ஞானராஜ். நான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனேன். கிழித்துப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். முப்பது வருஷம் காகிதத்தோடு வாழ்ந்தவன், மனசு வரவில்லை. ஞானராஜ் நாற்காலியைத் தோள் துண்டால் துடைத்து, "உக்காருங்க சார்" என்றார். அதுவரை அவருக்கு எதுவும் தெரியாது.

ஜெபசெல்வி குரல் வந்த பக்கம் திரும்பினாள். "சார், அதுல என்ன எழுதியிருந்திச்சு?"

படித்தேன். ஒவ்வொரு வரியாக, தமிழில். எதையும் விடவில்லை.

"இத படிக்க ரெண்டு நிமிஷம் ஆகுமா சார்?"

"அவ்வளவுதான் ஆகும்."

"ஆபரேஷன் பண்ணிருந்தா வளராம நின்னுருக்கும், என்ன?"

"ஆமாம்."

"நிக்கணும்னுதான சார் எங்கம்மா அழுதுச்சு."

ஞானராஜ் என்னை அடிக்கவில்லை. நாற்காலியை மட்டும் வெளியே எடுத்துப் போட்டார். நான் உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன்.

ஆகவே, காளிராஜ், எழுதிக்கொள்ளுங்கள். அவள் கண் போகும் என்பது மார்ச் பதினேழாம் தேதியே எனக்குத் தெரியும். தெரிந்தே ரிப்போர்ட்டை மறைத்தேன், தகப்பனிடம் பொய் சொன்னேன், சென்டரிடம் பொய் சொன்னேன், அவளிடமும் சொன்னேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. ஒரு பைசா வாங்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதில் பங்கில்லை. அவர்களுக்கு விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இத்துடன் கோச்சம்மாளின் கடிதம் ஒன்றை இணைத்திருக்கிறேன். ஸ்காலர்ஷிப்பை ரத்து செய்வதாக முதல் பத்தியில் வருந்தியிருக்கிறார். அது முக்கியமில்லை. இரண்டாவது பத்தியைப் பாருங்கள், அந்தப் பெண்ணுக்காக நான் பட்ட பாட்டைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறார், என்னைக் கோச் என்றே அழைத்திருக்கிறார். விசாரணை முடிந்ததும் எனக்கு அது திரும்ப வேண்டும். லேமினேட் செய்திருக்கிறேன், தயவுசெய்து ஓட்டை போட்டு ஃபைலில் கோக்க வேண்டாம்.