கனைச்சா பத்தாது

வச்சிடாதீங்க சார். பக்கத்துல யாரோ, பொண்ணு பேசுது, கட் பண்ணிடாதீங்கன்னு சொன்னது இங்க வரைக்கும் கேட்டுச்சு. ஆமா சார், ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவுதான். குடோன்ல உங்க மெஷின் ஒண்ணுதான் பாக்கி.

பெரிய வேலை இல்ல. இனிமே உங்க கம்ப்யூட்டர் மக்கர் பண்ணா யாரும் பஸ் ஏறி வர வேண்டாம், இங்கேர்ந்தே சரி பண்ணிடலாம். அணைஞ்சு கிடந்தாலும் எழுப்பிடலாம். மெஷினைத்தான் சார், ஆளை இல்ல. பில்லிங் அக்காவுக்கும் இதே பயம்தான்.

இப்ப திரை நடுவுல ஒரு நம்பர் வந்திருக்குமே, ஆறு இலக்கம்? கனைக்கிறீங்க. சரி, வந்துச்சுன்னு எடுத்துக்கறேன். அதை வாய்விட்டுப் படிங்க, நான் இங்க அடிக்கிறேன். அதுதான் நீங்க கொடுக்கிற சம்மதம். அது இல்லாம நான் உள்ள வர முடியாது.

கனைச்சா பத்தாது சார். கனைப்பை நான் எந்த பட்டன்ல அடிக்கிறது?

பக்கத்துல டிரைவர் அண்ணனை விட்டு என்ன சொல்ல வைக்கிறீங்க? போன்ல நம்பர் கேட்டா சொல்லக் கூடாதுன்னு கிளாஸ்ல சொன்னாங்களாமா? அந்த கிளாஸை எடுத்ததே நான்தானே சார். அன்னைக்கு முதல் வரிசையில உக்காந்து கண்ணை மூடிக்கிட்டிருந்தீங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கீங்க.

ஐயோ, போனை அண்ணன்கிட்ட கொடுக்காதீங்க. மெஷின் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் படிக்கணும். விதி சார்.

இருங்க. மேனேஜர் டீ குடிக்கப் போயிட்டார். இனிமே சார் வேண்டாம்.

வீட்லதான் அம்மாவை நடுவுல நிக்க வச்சு, ஃபேனைக் குறைக்கச் சொல்லு உன் பொண்ணைன்னு பேசுறீங்க. இங்கயும் டிரைவர் அண்ணனாப்பா? எல்லா மெஷின்லயும் சீட்டாட்டத்தைத் தூக்கச் சொன்னாங்க, கிளாஸ் எடுக்க வந்தப்ப தூக்கினேன். உங்களுதை மட்டும் விட்டிருந்தா, அப்பான்னு சலுகையான்னு கேட்டிருப்பாங்க. ஜெயிச்சிட்டிருந்த ஆட்டம்னு எனக்கு எப்படித் தெரியும்? ஹெட் ஆபீஸ்ல என் பொண்ணுன்னு குடோன் பூரா சொல்லி வச்சீங்க, அந்தப் பொண்ணே சீட்டைப் பிடுங்கிட்டான்னு எல்லாரும் சிரிச்சாங்களாம். அம்மா சொன்னாங்க. எனக்கும் அன்னைக்குச் சாப்பாடு இறங்கலப்பா.

சரி, போனை அண்ணன்கிட்டயே கொடுங்க. விதி அது இதுன்னது சும்மா சொன்னேன். யார் படிச்சாலும் மெஷினுக்கு ஒண்ணுதான். உங்க குரல்ல கேக்கணும்னு எனக்குத்தான்.

அண்ணே, திரையில இருக்கிற அந்த...

யாரு? அப்பாவா?

நாலு. ம். ஏழு, இன்னொரு ஏழு. மெதுவாவே சொல்லுங்க. ரெண்டு. சைபர். ஒன்பது.

ஆறும் வந்துடுச்சுப்பா, போதும். அதுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் படிக்க வேண்டாம். அது சும்மா, கம்பெனி முகவரி.

ம். ம். சொல்லுங்க.