முதலில் மாடுகளுக்கு

மாடுகளுக்குத் தீனி வைக்காமல் ஒரு நாளும் நான் காலைச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் சரி, அம்மாவை அடக்கம் செய்த அன்றும் சரி. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. சார்ஜென்ட் பிளைத், நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்து, எங்கிருந்து தோன்றுகிறதோ அங்கிருந்து எழுதச் சொன்னீர்கள். எனக்கு இங்கிருந்துதான் தோன்றுகிறது.

என்னிடம் இருந்தவை மூன்று ஜெர்சி மாடுகள், பதினோரு செம்மறிகள், இரண்டு பன்றிகள், சொன்ன பேச்சுக் கேட்காத கொஞ்சம் கோழிகள். காலை ஆறு மணிக்கு மாடுகளுக்கு வைக்கோலும் வாற்கோதுமையும் வைப்பேன். பிறகு கறவை. பிறகு பன்றி, செம்மறி, கோழி என்று வரிசை. எல்லாம் முடிந்த பிறகுதான் மனிதனுக்குச் சாப்பாடு. இது அப்பா போட்ட சட்டம். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வை என்று இன்னொன்றும் போட்டிருந்தார். அவருடைய மற்றச் சட்டங்களெல்லாம் அவரோடு போய்விட்டன, இந்த இரண்டு மட்டும் என்னிடம் தங்கிவிட்டன.

என் தம்பி டார்சிக்கு முதல் சட்டம் பிடிக்காது. அதற்கு அவனிடம் காரணம் இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. அவனுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, சாயங்காலக் கறவை நேரம், வைக்கோல் பரணிலிருந்து விழுந்தான். வலது கை முழங்கைக்கு மேலே திரும்பிக் கிடந்தது. அப்பா எட்டிப் பார்த்தார். "கறவை முடியட்டும். டாக்டர் எங்கயும் ஓடிப்போயிட மாட்டாரு" என்றார். அப்போது பன்னிரண்டு மாடுகள், ஆறு அவருக்கு, ஆறு எனக்கு. எனக்கு வயது பதின்மூன்று. டார்சி சுவரில் சாய்ந்துகொண்டு கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அப்பாவைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டான். நான் நான்காவது மாட்டுக்குப் போனபோது சத்தம் நின்றது. வலி நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கை அதற்குப் பிறகு தோளுக்கு மேலே எழும்பவே இல்லை. தலை வாரக்கூட இடது கைதான்.

பதினேழு வயதில் மெல்பர்னுக்குப் போனவன் ஐம்பத்தெட்டு வயதில், போன நவம்பரில், மனைவி இமோஜனோடு திரும்பி வந்தான். வீட்டில் பாதி அவனுடையது, வர உரிமை உண்டு. வீடு அப்போது இருந்த நிலையை ஒளிக்க வேண்டியதில்லை, நீங்களே பார்த்திருப்பீர்கள். தரைக்கு அடியில் நின்ற கட்டைகள் உளுத்துப்போய், சமையலறை மேசையில் முட்டையை வைத்தால் அதுவாகவே உருண்டு கதவுப் பக்கம் போகும். கூரைக்குள் போசம்கள், அந்தப் பூனையளவு மரப் பிராணிகள், பிள்ளை குட்டிகளோடு குடித்தனம் நடத்தின. தனி ஆளுக்கு இரண்டு அறை போதும் என்று மற்ற ஐந்தையும் நான் சாத்தி வைத்திருந்தேன்.

வந்த அன்றைக்கே டார்சி இடுப்பில் கை வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, மாட்டுக் கொட்டகை வீடு மாதிரி இருக்கு, வீடு மாட்டுக் கொட்டகை மாதிரி இருக்கு" என்றான்.

"மாடு ஏதாவது குறை சொல்லுச்சா?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

எட்டு மாதம் சேர்ந்து வேலை செய்தோம். ஜாக்கி வைத்து வீட்டை விரல் விரலாகத் தூக்கி, உளுத்த கட்டைகளை எடுத்துவிட்டுப் புதுக்கட்டைகளை நிறுத்தினோம். சுவரில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருந்த காகிதத்தை ஏழு அடுக்கு உரித்தோம். மூன்றாவது அடுக்கில் டார்சி சின்ன வயதில் கிறுக்கிய பன்றிப் படம் இருந்தது, அந்த ஓர் இடத்தை மட்டும் உரிக்காமல் விட்டோம். தோளுக்கு மேலே உள்ள வேலையெல்லாம் எனக்கு, கீழே உள்ளது அவனுக்கு என்று பேசாமலே பிரித்துக்கொண்டோம். அவன் ஆணியை நீட்டுவான், நான் அடிப்பேன். எனக்கு அது பிடித்திருந்தது. அறுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக எனக்கு ஒரு தம்பி இருப்பதாகத் தோன்றியது. இதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆரம்பத்திலிருந்தே மனதில் வைத்திருந்தேன் என்று நினைப்பீர்கள்.

கூரைத் தகரம் முழுவதையும் மாற்றினோம். ஓரம் முழுக்கப் புதுக் குழாய் ஓட்டி, விழுகிற மழை எல்லாம் பின்பக்க வராந்தாவுக்குக் கீழே இருக்கிற செங்கல் தொட்டிக்குப் போகும்படி டார்சி செய்தான். தாத்தா காலத்துத் தொட்டி அது. கிணறு மாதிரி ஆழம், மேலே குறுகலான வாய். "ஒரு சொட்டு வெளிய போகாதுண்ணே" என்று அவன் குழாயைத் தட்டிக் காட்டினான். கைவேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது.

விஷயம் மே மாதம் சாப்பாட்டு மேசையில் வெளியே வந்தது. ஆட்டுக்கறி வறுத்து என் தட்டில் பெரிய துண்டாக வைத்துவிட்டு இமோஜன் ஆரம்பித்தாள். வீட்டைப் பட்டணத்துக்காரர்கள் வந்து தங்கிப் போகிற இடமாக்கப் போகிறார்களாம். "வர்றவங்களுக்குச் சாணி நாத்தம் ஒத்துக்காது லென். ரெண்டு அல்பாக்கா, தடவிக் கொடுக்க ஒரு ஆட்டுக்குட்டி, அவ்வளவு போதும்" என்றாள். கொட்டகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் எனக்குக் குளியலறையோடு தனியாக ஓர் அறை கட்டித் தருவார்களாம். நல்ல பெண்தான், நல்லபடியாகத்தான் சொன்னாள். அல்பாக்காவை நான் சந்தையில் பார்த்திருக்கிறேன். கம்பளி போர்த்திய குட்டி ஒட்டகம் மாதிரி நீளக் கழுத்தை வைத்துக்கொண்டு, தனக்கு வேறெங்கோ வேலை இருக்கிறது என்பதுபோல நிற்கும்.

நான் தலையாட்டினேன். என் மீது தப்பு என்று ஏதாவது உண்டென்றால் அது ஒன்றுதான், அன்றைக்கே வாயைத் திறந்து முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

கேட்டது ஒன்றே ஒன்று. டல்சியை விட்டுவிடச் சொன்னேன். டல்சிக்குப் பதினைந்து வயது. பால் வற்றி மூன்று வருடம் ஆகிறது, இடது கண் தெரியாது. என் கையால் வெளியே இழுத்துப் போட்ட கன்று அவள். காலையில் என் செருப்புச் சத்தம் கேட்டால் தெரிகிற கண் பக்கமாகத் தலையைத் திருப்புவாள். டார்சி என் முதுகில் தட்டினான். "டல்சி இங்கயே இருந்து இங்கயே சாகட்டும்ணே. நீ கட்டிக்காத பொண்டாட்டி, அவள எப்படி அனுப்புறது?" என்றான். கிண்டல்தான், ஆனாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதை வாக்காக எடுத்துக்கொண்டேன்.

இனி புதன்கிழமை.

இமோஜன் தரைக்கு ஓடு பார்க்க ஹோபார்ட் நகரத்துக்குப் போயிருந்தாள். தொட்டியில் எங்கோ விரிசல் இருப்பதாக டார்சிக்குச் சந்தேகம். முந்தின நாளே தண்ணீரை இறைத்து, தொடையளவுக்குக் குறைத்திருந்தோம். ஜூலை மாதக் குளிரில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பத்து மணிக்கு வராந்தாப் பலகைகளை எடுத்துவிட்டு ஏணியை இறக்கினோம். அவன் தொடை வரை வருகிற ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் பிடித்துப் பிடித்து இறங்கினான். நான் மேலே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சின்னச் சுத்தியலால் செங்கலைத் தட்டிக்கொண்டே, மேலே பார்க்காமலே பேசினான்.

"நாளைக்கு எட்டு மணிக்கு லாரி வருதுண்ணே. எல்லாத்தையும் ஏத்திடுவாங்க. டல்சியையும் சொல்லிட்டேன்."

டல்சி இங்கேயே இருக்கும் என்று சொன்னாயே என்றேன்.

"சொன்னேன். நீயே யோசிச்சுப் பாரு. பாலும் இல்ல, ஒரு கண்ணும் இல்ல. வந்து தங்குறவன் அதப் பார்த்தா என்ன நினைப்பான்? மேல வெச்சுச் சொன்னா நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுப்ப, அதான் இங்க வந்து சொல்றேன்."

டல்சி போகிற இடம் வேறு புல்வெளி இல்லை. அந்த வயதில் பால் இல்லாத மாடு எங்கே போகும் என்பது உங்களுக்கும் தெரியும்.

எனக்குக் கோபம் வந்தது. அது உண்மை, எழுதிக்கொள்ளுங்கள். ஏணியை மேலே இழுத்தேன், கொட்டகைக்குக் கொண்டுபோய் அது வழக்கமாக இருக்கிற கொக்கியில் மாட்டிவிட்டு வந்தேன். கீழேயிருந்து அவன் ஏணி எங்கே என்று கேட்டான். அதன் இடத்தில் இருக்கிறது என்றேன்.

பிறகு சிரித்தான். "சரி, புரியுது. போய் மாட்டுக்கெல்லாம் தீனி வெச்சுட்டு வா. முதல்ல மாடு, அப்புறம் மனுஷன். எனக்குப் பழகினதுதானே" என்றான்.

இதை நீங்கள் கோடு போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். போய்த் தீனி வைத்துவிட்டு வா என்று சொன்னது அவன். நான் செய்தது அதைத்தான்.

பத்தரைக்கு மழை பிடித்தது. நான் கொட்டகையில் இருந்தேன். வைக்கோலை உதறி உதறி மாடுகளின் தீனிப் பெட்டிகளில் மூன்று பங்காக வைத்தேன், வாற்கோதுமையை அளந்து போட்டேன். மழைச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை என்று உங்களிடம் சொல்லியிருந்தேன், அது சரியில்லை. தகரத்தில் மழை விழும்போது கேட்காதுதான், ஆனால் மழை நடுநடுவே ஓய்ந்தது. முதலில் என் பெயரைச் சொல்லித் திட்டினான். அப்புறம் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது என்றான். புதுக் கூரை, புதுக் குழாய், ஒரு சொட்டு வெளியே போகவில்லை. ஏணி இல்லாமல் செங்கலைப் பிடித்து ஏற வேண்டுமானால் இரண்டு கையும் தலைக்கு மேலே போக வேண்டும். அவனுக்கு ஒன்றுதான் போகும். அது எனக்குத் தெரியும்.

நான் பன்றிகளிடம் இருந்தபோது, "அண்ணே, லாரி வேண்டாம்ணே. நானே போன் பண்ணி நிறுத்திடறேன். எதுவும் போக வேண்டாம். வந்து ஏணியப் போடுண்ணே" என்றான். தெளிவாகக் கேட்டது. அவன் மனப்பூர்வமாகத்தான் சொன்னான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் செம்மறிகளும் கோழிகளும் பாக்கி இருந்தன. வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

கோழிகளுக்குத் தானியம் இறைத்துக்கொண்டிருந்தபோது சத்தம் நின்றது. வலி நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போனேன். ஓடவில்லை, நடந்துதான் போனேன். அவன் முகம் கீழ்ப்பக்கமாக இருந்தது. ஏணியை இறக்கி வைத்துவிட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்திருந்தேன். அந்த மேசையில் இப்போது முட்டை உருளுவதில்லை, அவ்வளவு மட்டமாகத் தரையைப் போட்டிருக்கிறான். ஒரு மணிக்கு இமோஜன் வந்து, ஓடு மாதிரிகளைக் கையில் வைத்துக்கொண்டே, அவன் எங்கே என்று கேட்டாள். ஏணி வழுக்கிவிட்டது, நான் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அவள் என்னைத்தான் கட்டிக்கொண்டு அழுதாள். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் லாரியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. எட்டு மணிக்குச் சொன்னபடி வந்ததாம், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனதாம். நான் அப்போது உங்கள் போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். டல்சி ஏறும்போது எந்தப் பக்கம் தலையைத் திருப்பினாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் அப்பாவும் மாடு வைத்திருந்தவர். அதனால்தான் புதன்கிழமை மதியம் நீங்கள் தொட்டியைப் பார்த்த கையோடு கொட்டகைக்குள் போனீர்கள். திரும்பி வந்து, "தீனிப் பெட்டியெல்லாம் நிறைஞ்சு கிடக்கே, லென்" என்று மட்டும் சொன்னீர்கள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாளாக அதற்குத்தான் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என்றும்போல அன்றும் ஆறு மணிக்கே எல்லாவற்றுக்கும் தீனி வைத்துவிட்டேன். கறவையும் முடிந்திருந்தது. பத்து மணிக்கு எதற்கும் பசி இல்லை. மாடுகள் மூன்றும் வைக்கோலில் வாய்கூட வைக்காமல், டல்சியும் சேர்த்து, வீட்டுப் பக்கமாகக் காதைத் திருப்பிக்கொண்டு நின்றன. நான்தான் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, தின்னு, தின்னு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.